ஐப்பசி மாதத்து விசில்

தம்பி,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதி உன்னை ஏமாற்றப் போவதில்லை. இங்கே நலமாக இல்லை. அங்கே மஸ்கட்டில் உனக்கும் சோறு இறங்கியிருக்காது. இரண்டு இடத்திலும் கெடுத்து வைத்தது ஒரே ஆள், உன்னைப் பெற்றவன். அதனால்தான் எழுபத்தோரு வயதில் கடைக்குப் போய் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி வந்து உட்கார்ந்திருக்கிறேன். கடைக்காரர், "யாருக்குங்க நோட்டு, பக்கத்து வீட்டுப் புள்ளைக்கா?" என்று கேட்டார். "எனக்குத்தான், விட்டுப்போன ஏழாவத முடிச்சிடலாம்னு பாக்குறேன்" என்றேன். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை என்பது உனக்குத் தெரியும். வாத்தியார் என்னைச் சந்தேகப்பட்டார், நான் வாத்தியாரைச் சந்தேகப்பட்டேன், இரண்டு பேர் சந்தேகமும் சரியாகத்தான் இருந்தது. அதனால் எழுத்துப் பிழையைப் பார்க்காதே. சொல்லும் விஷயத்தைப் பார்.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை நீ போன் பண்ணினாய். மழை பெய்துகொண்டிருந்தது. நித்யா கொல்லையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தது. நான் குரலைத் தாழ்த்தி உன்னிடம் ஒன்று சொன்னேன். "ஒம் பொண்டாட்டி தெனம் பொழுது சாய ஐயனார் தோப்புக்குப் போவுது. எதுக்குன்னு நீயே கேட்டுக்க." நீ, "காலாற நடக்கப் போவுதாக்கும்பா" என்றாய். அதோடு விட்டிருக்கலாம். விட்டால் நான் உன் அப்பன் இல்லையே. "தோப்புலேருந்து விசில் சத்தம் வருது. அதக் கேட்டுத்தான் கெளம்புது" என்று சேர்த்தேன். நீ "சரிப்பா" என்று சொல்லி வைத்துவிட்டாய். கல்யாணமாகி மூன்று மாதம்கூட முழுதாக ஆகாத ஒரு பிள்ளையிடம் ஒரு தகப்பன் சொல்லும் பேச்சா அது என்று எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை. பெரிய காரியம் செய்தது போல ஒரு டீ போடச் சொல்லிக் குடித்தேன். அந்த டீயைப் போட்டதும் நித்யாதான்.

அதற்கப்புறம் நீ அந்தப் பெண்ணிடம் பேசியதெல்லாம் எனக்குத் தெரியும். சாப்பிட்டாயா, அப்பா மாத்திரை போட்டாரா, விசா பேப்பர் வந்ததா, அவ்வளவுதான். ஒரு நாள் உனக்கு அது தோப்பில் பதிவு பண்ணிய ஒரு சத்தத்தைப் போனில் அனுப்பியிருக்கிறது. ஆசையாக அனுப்பியிருக்கிறது. நீ ஒரே ஒரு வரி பதில் போட்டாயாம், இனிமேல் அந்தப் பக்கம் போகாதே என்று. ஏன் என்று கேட்டதற்குப் பதில் இல்லையாம். நேற்று காலையில் நான் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது கிணற்றடியில் வந்து நின்று கேட்டது. "மாமா, அவுங்க ஒங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாங்களா? எம்மேல எதுவும் கோவமா?" நான் வாயில் பேஸ்ட் நுரையை வைத்துக்கொண்டு தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினேன். "தலைப்பொங்கலுக்கு அம்மா அப்பாவ இங்க வரச்சொல்ல வேண்டாம் மாமா. நானே மன்னார்குடிக்குப் போயிடறேன். அப்பறம் விசா வந்தாப் பாத்துக்கலாம்" என்றது. சத்தம் போடவில்லை, அழவில்லை. பெட்டியை எடுத்துக் கட்டிலின்மேல் வைத்திருக்கிறது. பொங்கலுக்கு இன்னும் பத்து நாள்கூட இல்லை.

அது வெறும் குருவி என்று உனக்கு நான் போனில் சொல்லிப் பார்த்தேனா இல்லையா? சொன்னேன். போன வாரம் சொன்னேன். "விசிலடிக்கிறது குருவிடா தம்பி" என்றேன். நீ என்ன சொன்னாய்? "அப்பா, மூடி மறைக்காதீங்க. நான் பாத்துக்குறேன்" என்று வைத்துவிட்டாய். எனக்குக் கோபம் வரவில்லை. ஐம்பது வருஷமாக ஊரையே சந்தேகப்பட்டவன் திடீரென்று ஒரு நாள் ஒருவரை நம்பச் சொன்னால் கேட்பவனுக்கு அதுதானே முதல் சந்தேகம். அதனால் போனை நம்பி இனிப் பயனில்லை. நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன். நடுவில் வைத்துவிட முடியாது, இது கடிதம்.

என் புத்தி உனக்குத் தெரியும். கேஸ் சிலிண்டர் வந்தால் தூக்கிப் பார்த்து வாங்குவேன். டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தால் பழைய மாத்திரைக்கு என்ன கேடு என்று கேட்பேன். உன் கல்யாணத்தில்கூட நாதஸ்வரக்காரர் மூச்சு விட்டாரா, இல்லை ஸ்பீக்கரில் பாட்டு ஓடியதா என்று பக்கத்தில் போய்க் கன்னத்தைப் பார்த்து வந்தவன் நான். ஊரில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள், நானும் சேர்ந்து சிரிப்பேன். ஆனால் சிரிக்க முடியாத ஒன்றும் இருக்கிறது. அதை உன்னிடம் சொன்னதில்லை.

நீ மூன்றாவது படிக்கும்போது நம் வீட்டில் எட்டுக் கோழி இருந்தது. அடை வைக்கிற முட்டை குறைந்துகொண்டே வந்தது. உன் தாய்மாமன் அப்போது வாரம் ஒரு தடவை சைக்கிளில் வந்து போவான். அவன் வந்து போன நாளில் ஒன்றிரண்டு குறைவதாக எனக்குக் கணக்கு. ஒரு நாள் அவன் கிளம்பும்போது, "மாப்ள, பைய ஒருதரம் தொறந்து காட்டிட்டுப் போ" என்றேன். அவன் திறந்து காட்டினான். ஒரு துண்டும் உனக்கு வாங்கி வந்து கொடுக்க மறந்த ஒரு மிட்டாய்ப் பொட்டலமும் இருந்தன. பொட்டலத்தை உன் கையில் கொடுத்துவிட்டுப் போனவன்தான், அதற்கப்புறம் நம் வாசல் மிதிக்கவில்லை. மாமா ஏன் வருவதில்லை என்று நீ எத்தனை தடவை கேட்டிருப்பாய். தை மாதம் அறுப்பு முடிந்து பழைய வைக்கோல் போரைப் பிரித்தபோது அடியில் ஒரு உடும்பு படுத்திருந்தது, சுற்றி முட்டை ஓடு. நான் உடும்பை விரட்டிவிட்டு முட்டை ஓடுகளையெல்லாம் குழி வெட்டிப் புதைத்தேன். உன் அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் எனக்கு மரியாதை போய்விடும் என்று நினைத்தேன். தன் தம்பி திருடவில்லை என்று அவளுக்குத் தெரியும், ஆனால் என் வாயிலிருந்து அது வர வேண்டும் என்று காத்திருந்தாள். அவள் கண்ணை மூடும்வரை நான் சொல்லவில்லை. சந்தேகப்பட்டதுகூடப் பெரிய தப்பு இல்லை தம்பி. தப்பு என்று தெரிந்த பிறகு வாயை மூடிக்கொண்டேன் பார், அதுதான்.

இனித் தோப்புக்கு வருகிறேன். நம் பூவத்தில் ஐயனார் தோப்புக்கு வடக்கே ஒரு வாய்க்கால், வாய்க்காலைத் தாண்டினால் தமிழ்நாடு. நம் பக்கம் யூனியன் பிரதேசம், சரக்கு மலிவு, அந்தப் பக்கம் விலை அதிகம். இதற்கு மேல் உனக்கு நான் பாடம் நடத்த வேண்டாம். தோப்புக்குள் புதரில் பாட்டிலை ஒளித்து வைத்து, ஆள் நடமாட்டம் பார்த்து வாய்க்காலைத் தாண்டுகிறவர்கள் அந்தக் காலத்திலிருந்தே உண்டு. ஐப்பசியில் முதல் மழை விழுந்ததும் சரியாகப் பொழுது சாயும் நேரத்துக்குத் தோப்பிலிருந்து ஒரு விசில் வரும். இரண்டு சுரம், முதலில் மேலே போய் அடுத்தது கீழே இறங்கும். சில நாள் விடிகாலையிலும் வரும். அது பாட்டில்காரன் பாட்டில்காரனுக்குக் கொடுக்கும் சிக்னல் என்று நான் முடிவு கட்டி முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. மழைக்காலத்தில் மட்டும் ஏன் என்று கேட்பாயே, அதற்கும் பதில் வைத்திருந்தேன். சேற்றில் போலீஸ் ஜீப் வராது, அதனால் அப்போதுதான் வியாபாரம். சித்திரையில் ஏன் நின்றுபோகிறது? கோயில் திருவிழா, ஜனம் கூடும், பயம். என் புத்தியைப் பார். ஒரு கேள்விக்கும் பதில் இல்லாமல் போகவில்லை.

உன்னையும் அந்தப் புத்தியிலேயே வளர்த்தேன். விசில் கேட்டால் விளையாட்டை விட்டு வீட்டுக்குள் வந்துவிட வேண்டும் என்று சொல்லி வைத்தேன். நீயும் பம்பரத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடி வருவாய். அதனால் போனில் நான் விசில் என்று ஒரு வார்த்தை சொன்னதும் உனக்கு என்ன தோன்றியிருக்கும் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தோன்றியதுதான் தோன்றியிருக்கும். நித்யா மன்னார்குடிப் பெண், விலங்கியல் படித்த பெண். அதற்கு இந்த விசில் யாரும் சொல்லிக் கொடுத்த விசில் இல்லை. அதனால் அது காதில் விழுந்ததை மட்டும் கேட்டிருக்கிறது.

ஐப்பசி பிறந்து நாலைந்து நாளில் அது போக ஆரம்பித்தது. "மாமா, காலாற நடந்துட்டு வந்துடறேன்" என்று சொல்லும். நடக்கப் போகிறவள் எதற்காகக் காய்ந்த இலை நிறத்தில் சுடிதார் போட வேண்டும்? எதற்காகச் செருப்பைத் தோப்பு ஓரத்திலேயே கழற்றி விட்டு வெறுங்காலோடு போக வேண்டும்? போனை ஏன் சத்தமில்லாமல் அமுக்கி வைக்க வேண்டும்? ஒரு நாள் அடுப்பில் ரசம் கொதிக்கிறது, தோப்பில் விசில் கேட்கிறது, அடுப்பை அணைத்துவிட்டு ஓடுகிறது. திரும்பி வரும்போது முகத்தில் ஒரு சிரிப்பு. கேட்டால் ஒன்றுமில்லை மாமா என்கிறது. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று பிறகு நான் கேட்டேன். "வந்த புதுசுல நான் ஒரு பச்சப்பாம்பக் காட்டுனேன் மாமா, நீங்க கம்ப எடுத்துட்டு வந்துட்டீங்க. அதான் பயம்" என்றது. அதுவும் நியாயம்தான்.

கலியபெருமாளை உனக்கு நினைவிருக்கும், உரக்கடையில் வேலை பார்த்தவன், இப்போது டீக்கடையில் வேலை பார்க்கிறான், அதாவது காலையிலிருந்து மாலைவரை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். அவன் ஒரு நாள் கிளாஸை உருட்டிக்கொண்டே, "ஏன்யா, ஒம் மருமவளுக்கு ஐயனார்மேல ரொம்ப பக்தியோ? தெனம் பொழுது சாய அங்கன போவுதே" என்றான். "ஒம் மருமவ தெனம் டீவி முன்னாடி உக்காருதே, அதுக்கு டீவிமேல பக்தியா?" என்று கேட்டு வாயை அடைத்துவிட்டு வந்தேன். அவன் வாயைத்தான் அடைத்தேன். அவன் போட்டது எனக்குள் முளைத்துவிட்டது.

அன்றைக்குச் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன். அது குளிக்கப் போயிருந்தபோது அதன் நோட்டை எடுத்துப் பார்த்தேன். முதல் பக்கத்தில் தேதி. அதன்கீழ், ஐந்து ஐம்பத்தெட்டு, நாவல் மரம், இரண்டு விசில். மறுநாள், ஆறு மணி, நாவல் மரம், ஒரு விசில். அதற்கு மறுநாள், மழை, ஒன்றும் இல்லை. முதல் ஐந்தாறு பக்கமும் இப்படி, அதற்கு மேல் புரட்டவில்லை. கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தரம் படித்தேன். போலீஸில் எழுதும் ரிப்போர்ட் போல இருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமைதான் உன் போன் வந்தது.

உன்னிடம் சொல்லி முடித்த மறுநாள், கையோடு பிடித்துவிடலாம் என்று கிளம்பினேன். தனியாகப் போக மனசில்லை. கலியபெருமாளைக் கூட்டிக்கொண்டேன். சாட்சி வேண்டுமாம் எனக்கு. நித்யா கிளம்புவதற்கு அரைமணி முன்னாலேயே போய் ஐயனார் குதிரைக்குப் பின்னால் இரண்டு பேரும் குந்திக்கொண்டோம். கொசு பிடுங்கியது. கலியபெருமாளுக்கு முட்டி வலி. "நீயே பாத்துட்டு வந்து சொல்லேன்யா, நான் நம்பிக்கிறேன்" என்றான். "பேசாம குந்து" என்றேன். "குந்துனா எழுந்திரிக்க முடியாதுய்யா, அப்பறம் ஓடுறவன நீதான் புடிக்கணும்." "எனக்கு மட்டும் இருவது வயசா?" இப்படியே பேசிக்கொண்டிருந்தோம். தோப்புக்கு மேலே வக்காக் கொக்கு ஒன்று கத்திக்கொண்டு வாய்க்கால் பக்கம் போனது. இலுப்பை மரத்தில் தொங்கிய பழந்தின்னி வௌவால்கள் ஒவ்வொன்றாக இறக்கையை உதறிக்கொண்டிருந்தன. நித்யா வந்தது. செருப்பைக் கழற்றியது. நாவல் மரத்துக்கு எதிரே ஒரு கட்டை கிடக்கிறது, அதில் உட்கார்ந்தது. உட்கார்ந்தது என்றால், அப்படி ஒரு உட்காரலை நான் பார்த்ததில்லை. கொசுவைக்கூட அடிக்கவில்லை.

விசில் கேட்டது. கலியபெருமாள் என் தொடையைக் கிள்ளினான். நான் ஆளைத் தேடினேன். நாவல் மரத்துக்குப் பின்னால் யாரும் இல்லை. மறுபடியும் விசில், அதே இரண்டு சுரம். இந்தத் தடவை சத்தம் தரையிலிருந்து வந்தது. தரையில் யார் படுத்திருப்பான் என்று பார்க்கிறேன், காய்ந்த இலை ஒன்று தானாகப் புரண்டது. பக்கத்திலிருந்து இன்னொன்று. இலையை ஒதுக்கிக்கொண்டு ஒரு சின்னக் குருவி வெளியே வந்தது. குட்டை வால், பச்சை முதுகு, தோளில் நீலம், வயிற்றுக்குக் கீழே குங்குமம் கொட்டியது போல ஒரு சிவப்பு, கண்ணைச் சுற்றித் திருடன் கட்டுவது போல ஒரு கறுப்புப் பட்டை. தலையைத் தூக்கி, கழுத்தை நீட்டி, என் கண் முன்னாலேயே விசிலடித்தது. முப்பது வருஷத்துப் பாட்டில்காரன், ஒரு சாண்கூட இல்லை.

"ஆளு எங்கய்யா?" என்றான் கலியபெருமாள், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கேட்கிற மாதிரி. குருவி போய்விட்டது. நித்யா திரும்பிப் பார்த்தது. எங்களுக்கு எழுந்திருக்கவும் முடியவில்லை, ஓடவும் முடியவில்லை. இரண்டு கிழவர்கள் குதிரைக் காலைப் பிடித்துக்கொண்டு குந்தியிருக்கிறோம். நான் எது வந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அது முகமெல்லாம் சிரிப்பாக, "மாமா, நீங்களும் இதப் பாக்கத்தான் வந்தீங்களா? முன்னாடியே சொல்லியிருந்தா நல்ல எடமாக் காட்டியிருப்பேனே" என்றது. அப்போது நான், "ஆமாம்மா" என்றேன் தம்பி. கலியபெருமாள் என்னைப் பார்த்தான், நான் குதிரையைப் பார்த்தேன்.

அதற்குப் பெயர் ஆறுமணிக்குருவி. வடக்கே ரொம்ப தூரத்தில் குஞ்சு பொரித்துவிட்டு, மழைக்காலத்துக்கு நம் பக்கம் வருகிறதாம். சித்திரை வாக்கில் திரும்பிப் போய்விடுமாம். திருவிழாவுக்குப் பயந்து இல்லை. பறந்து வந்த களைப்பில் சிலது வீட்டு வாசலில்கூட விழுந்துவிடும் என்று நித்யா சொன்னபோதுதான் எனக்கு உன் அம்மா நினைவுக்கு வந்தாள். ஒரு வருஷம் ஐப்பசியில் உன் அம்மா முற்றத்தில் விழுந்து கிடந்த ஒரு வண்ணக் குருவியைப் கோழி மூடும் பஞ்சாரக் கூடையைப் போட்டு மூடி வைத்து, மறுநாள் காலையில் திறந்து விட்டாளே, உனக்கு நினைவிருக்கிறதா? நீயும் நானும் குனிந்து பார்த்தோம். இதே குருவிதான். வெளியில் கேட்கும் விசிலுக்குக் கதவைச் சாத்திவிட்டு, விசிலடித்தவனை வீட்டுக்குள் வைத்துத் தண்ணீர் கொடுத்திருக்கிறோம்.

அன்றையிலிருந்து நானும் தினம் போகிறேன். எனக்கும் ஒரு கட்டை போட்டுக் கொடுத்திருக்கிறது. இருமல் வந்தால் துண்டை வாயில் வைத்துக்கொள்ள வேண்டும், வெற்றிலை போடக்கூடாது, வெள்ளை வேட்டி கட்டக்கூடாது, இப்படி நிறையச் சட்டம். இத்தனை வருஷம் பக்கத்திலேயே இருந்தும் தோப்பில் என்ன நடக்கிறது என்று எனக்குப் பாட்டிலைத் தவிர ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. மார்கழி பிறந்ததும் நீள வால் குருவி ஒன்று வந்தது, ஆணுக்குத்தான் அந்த வால், பெண்ணுக்குக் குட்டை. மழை விட்ட அன்று நத்தைகொத்தி நாரைகள் வயலில் இறங்கின. இலுப்பைப் பொந்தில் ஆந்தை ஜோடி ஒன்று இருக்கிறது, இரண்டும் எங்களை நம்புவதில்லை, பொந்துக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டி மேலும் கீழும் பார்க்கும். அதைப் பார்த்தால் எனக்கு நம் சொந்தக்காரர் யாரையோ பார்ப்பது போல இருக்கும். என் சந்தேகம் முழுதாகப் போய்விட்டது என்று நினைக்காதே. ஆறுமணிக்குருவி என்று பெயர் வைத்துக்கொண்டு ஐந்து ஐம்பதுக்கே கூப்பிடுகிறதே, ஆபீஸில் இருப்பவன் சீக்கிரம் வீட்டுக்குக் கிளம்புகிற கணக்காக இருக்கிறதே என்று கேட்டேன். "சூரியனப் பாத்துதான் மாமா அது கூப்புடும், கடிகாரத்தப் பாத்து இல்ல" என்றது. சூரியனுக்கும் அதற்கும் என்ன ஏற்பாடு என்று நான் இன்னும் விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அதன் நோட்டை ஒரு நாள் அதுவே எனக்குக் காட்டியது. நான் முதல் தடவை பார்ப்பது போலப் பார்த்தேன். நான் திருட்டுத்தனமாகப் படித்தபோது அவசரத்தில் கவனிக்காத ஒன்று அதில் இருந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் நடுவில் ஒரு கோடு. இடது பக்கம் கேட்டது என்று தலைப்பு, வலது பக்கம் பார்த்தது. முதல் ஒன்பது நாளும் வலது பக்கம் காலி. விசில் கேட்டிருக்கிறது, குருவி கண்ணில் படவில்லை. "அதான் ஒனக்குத் தெரியுமே என்ன குருவின்னு, அந்தப் பக்கமும் எழுதிட வேண்டியதுதானே?" என்றேன். "கேட்டதக் கொண்டுபோயி பாத்ததுல எழுதக்கூடாது மாமா. எவ்வளவு நிச்சயமாத் தெரிஞ்சாலும் கூடாது. காலேஜ்ல எங்க மேடம் கையில அடிப்பாங்க" என்று சிரித்தது. நான் சிரிக்கவில்லை. ஒன்பது நாள் வலது பக்கத்தை வெள்ளையாக விட்டு வைக்க அந்தப் பெண்ணுக்குப் பொறுமை இருந்திருக்கிறது. எனக்கு ஒரு வெள்ளிக்கிழமைவரைகூட இல்லை. நான் கேட்டதை உன்னிடம் பார்த்தது போலச் சொன்னேன். நீ அதைக் கேட்டுவிட்டு, மஸ்கட்டில் உட்கார்ந்தபடி, நீயே பார்த்தது போல எடுத்துக்கொண்டாய்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, ஆனாலும் தகப்பன் என்கிற ஒரு சாக்கு இருக்கிறது. நீ தூரத்தில் இருக்கிறாய். உனக்கு இங்கே நடப்பதெல்லாம் காது வழியாகத்தான் வரும், என் வாய் வழியாக, போன் வழியாக. இன்னும் பல வருஷம் அப்படித்தான் இருக்கும். ஊரில் கலியபெருமாள்கள் குறைய மாட்டார்கள், வீட்டிலேயே ஒருத்தன் இருக்கிறான். கேட்டது எல்லாவற்றையும் ஒதுக்கு என்று சொல்லவில்லை. கேட்டது கேட்டதாகவே இருக்கட்டும், அவ்வளவுதான். சந்தேகம் வந்தால் அவளிடமே கேள். முழுதாகக் கேள், பாதியை விழுங்கிக்கொண்டு ஒரு வரியில் உத்தரவு போடாதே. போகாதே என்று நீ எழுதியதற்கு அவள் ஏன் என்று கேட்டாளே, அந்த ஏன் இன்னும் அப்படியே நிற்கிறது. உன் தாய்மாமன் பையைத் திறந்து காட்டிய அன்றைக்கு உன் அம்மாவும் என்னிடம் இதே மாதிரி ஒன்று கேட்டாள். நான் பதில் சொல்லாமல் வயலுக்குப் போய்விட்டேன். அப்படிப் போனவன் அதற்கப்புறம் எத்தனை வருஷம் அதே வீட்டில் சாப்பிட்டாலும் வயலிலிருந்து திரும்பி வந்த மாதிரியே இல்லை.

நித்யாவுக்கு நான் உன்னிடம் போனில் சொன்னது இன்னும் தெரியாது. மாமா தன்னோடு தோப்புக்கு வருகிறவர், தன் பக்கத்து ஆள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. குதிரைக்குப் பின்னால் எதற்காகக் குந்தியிருந்தேன் என்றும் தெரியாது. இதையெல்லாம் நேரில் சொல்ல இரண்டு நாளாக முயற்சி பண்ணுகிறேன். அது சாதம் போடும்போது சொல்லலாம் என்று வாயைத் திறந்தால் இன்னும் கொஞ்சம் ரசம் என்றுதான் வருகிறது. தோப்பில் சொல்லலாம் என்றால் பேசக்கூடாது என்று சட்டம். அதனால்தான் எழுதினேன். தபாலில் போட்டால் உனக்கு வந்து சேரப் பொங்கல் தாண்டிவிடும். எனக்கு இதையெல்லாம் படம் எடுத்து அனுப்பத் தெரியாது. வீட்டில் தெரிந்த ஆள் ஒன்றே ஒன்றுதான்.

இந்தப் பக்கங்களை மடிக்காமல், ஒட்டாமல், அப்படியே அதன் கையில் கொடுக்கப் போகிறேன். படிச்சுட்டு அனுப்பும்மா என்று மட்டும் சொல்வேன். பிறகு கொல்லையில் போய் நின்றுகொள்வேன். என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வேன். கிழித்துப் போட்டால் அதுவும் சரி. அதற்கு முழு உரிமை உண்டு. பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினால் நானே பஸ் ஸ்டாண்டுவரை தூக்கிக்கொண்டு வருவேன், அதைத் தடுக்க எனக்கு வாய் இல்லை.

ஆனால் நீ இந்த வரியைப் படித்துக்கொண்டிருக்கிறாய் என்றால், அது எல்லாவற்றையும் படித்துவிட்டு, ஒரு பக்கம்கூட விடாமல் உனக்கு அனுப்பியிருக்கிறது என்று அர்த்தம். என்னை மன்னித்ததா என்று எனக்குத் தெரியவில்லை, நீ அதைப் பற்றிக் கவலைப்படாதே. போனை எடு. எனக்குப் பண்ணாதே.

உன் அப்பா